அரை இஞ்சா, 13-ஆ? கழலாத ஒரு போல்ட்டின் வரலாறு

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். சில இடங்களில் பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த முறை ராஜா இல்லை, போர்க்களம் இல்லை, கல்வெட்டு இல்லை. ஒரு போல்ட்டைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. அந்தப் போல்ட்டைக் கழட்ட எனக்கு மூணு நாள் ஆச்சு. ஏன் அவ்வளவு நாள் ஆச்சுன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. 1960களில் வாங்கினது. ரெண்டு கதவு வண்டி. முன்பக்கம் பானட்டைத் திறந்தா மட்கார்டோட சேர்ந்து முழுசா முன்னாடி கவிழும், என்ஜின் மொத்தமும் வெளியே தெரியும். சின்ன வயசுல எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. பெரியப்பா காலமான பிறகு வண்டி பல வருஷம் தாம்பரம் வீட்டு ஷெட்டுல நின்னது. அதை மறுபடி ஓட வைக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. முதல் வேலையா வாட்டர் பம்பைக் கழட்டலாம்னு ஆரம்பிச்சேன். என்கிட்ட நல்ல ஸ்பேனர் செட்டு இருந்தது, 6-லிருந்து 24 வரைக்கும். 12 போட்டேன், நுழையலை. 13 போட்டேன், நுழைஞ்சது. கொஞ்சம் ஆடுச்சு, அவ்வளவுதான். அழுத்தி ஒரு திருப்பு. போல்ட்டு அசையலை, தலையோட மூலைகள் வழண்டு போச்சு. ஆறு மூலையும் உருண்டை.

எங்க ஏரியாவுல எழுபது வயசைத் தாண்டின மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். அவர் வந்து போல்ட்டைப் பார்க்கவே இல்லை. முதல்ல என் கையில இருந்த ஸ்பேனரைத்தான் பார்த்தார்.

"இது என்ன சைஸு தம்பி?"

"13 ஐயா."

"இந்த வண்டியில எம்.எம். கிடையாது. இது அரை இஞ்சு. கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும்."

அரை இஞ்சுன்னா 12.7 மில்லிமீட்டர். என் ஸ்பேனர் 13. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இருக்கலாம். அந்த இடைவெளி போதும். ஸ்பேனர் போல்ட்டின் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை மட்டும் பிடிக்கும். துருப்பிடிக்காத போல்ட்டாக இருந்தால் அப்படிப் பிடித்தும் கழன்றுவிடும். துருப்பிடித்திருந்தால் மூலை போய்விடும். பழைய வண்டியில் போல்ட் கழலாததற்குத் துருவைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். துரு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, "கிட்டத்தட்ட சரியா இருக்கே" என்று நாம் எடுக்கும் ஸ்பேனர். அந்தக் "கிட்டத்தட்ட"வுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

முதலில் வண்டி எங்கே பிறந்தது என்று பார்க்கலாம். ஹெரால்டு அசலில் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து வண்டி. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் அங்கே அறிமுகம் செய்தது. இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. வண்டலூர் பக்கம் போன பழைய ஆட்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். ஆக, அது மெட்ராஸில் பிறந்த வண்டிதான். ஆனால் வரைபடம் கவென்ட்ரியிலிருந்து வந்தது. வரைபடத்தோடு அளவும் வந்தது, அளவோடு மரையும் வந்தது.

மரை என்றால் போல்ட்டில் சுற்றிச் சுற்றி வரும் அந்தப் புரி. "அவனுக்கு மரை கழண்டுபோச்சு"ன்னு திட்டுறோமே, அதே மரை. இந்தப் புரியின் கோணம் எவ்வளவு, ஒரு இஞ்சுக்கு எத்தனை சுற்று, தலை எத்தனை அகலம் என்று முடிவு செய்ய உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு பட்டறையில் செய்த நட்டு அடுத்த தெருப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஒரு இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்தப் போல்ட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நட்டு தொலைந்தால் அதைச் செய்த பட்டறையைத் தேடிப் போகணும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே தன் பட்டறைக்குள்ளாவது இதை ஒழுங்கு செய்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். 1803-ல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். பிறகு மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார்.

விட்வொர்த் செய்த காரியத்தில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. இதுதான் சிறந்த மரை என்று தானாக ஒன்றை யோசித்துக் கொண்டுவரவில்லை. நாடு முழுக்க இருந்த பட்டறைகளிலிருந்து திருகுகளை வரவழைத்தார், அளந்தார், சராசரி எடுத்தார். 1841-ல் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் அதைக் கட்டுரையாகப் படித்தார். புரியின் கோணம் 55 டிகிரி. உச்சியும் அடியும் வட்டமாக மழுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கனத்துக்கும் இஞ்சுக்கு இத்தனை சுற்று. யாருக்கும் முழு வெற்றி இல்லை, யாருக்கும் முழுத் தோல்வியும் இல்லை. பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி. அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ரயில்வே பட்டறைகள் எடுத்துக்கொண்டன. ரயில் போன இடமெல்லாம் அதுவும் போனது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, என்ஜின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. இஞ்சுக் கணக்கு நம் பட்டறைகளுக்கு அப்படித்தான் பழக்கமானது.

விட்வொர்த் ஸ்பேனரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1/4 என்று அடித்திருந்தால் அதன் வாய் கால் இஞ்சு இருக்காது, அரை இஞ்சுக்கும் மேலே இருக்கும். அந்த எண் போல்ட்டுத் தண்டின் கனத்தைச் சொல்கிறது, தலையின் அகலத்தை அல்ல. இன்றைக்கு 13 என்றால் வாயின் அகலம் 13 என்று பழகியவர்களுக்கு அது தலைசுற்ற வைக்கும். பிற்பாடு பி.எஸ்.எஃப். என்று நெருக்கமான மரை ஒன்று வந்தது. ஒரே ஸ்பேனரில் 1/4 W என்றும் 5/16 BS என்றும் ரெண்டு எண் அடித்திருப்பதைப் பழைய இரும்புக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகளின் கதை இதுதான்.

சரி, இங்கிலாந்து ஒழுங்காகிவிட்டது. அமெரிக்கா?

1864-ல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்ற இயந்திரத் தயாரிப்பாளர், ஃப்ராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் எழுந்து நின்று, எங்களுக்கு விட்வொர்த் வேண்டாம் என்றார். தேசப்பற்று கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் அவர் சொன்ன காரணம் வேலைக்காரனின் காரணம். 55 டிகிரியை அளப்பது கஷ்டம். 60 டிகிரி என்றால் சம பக்க முக்கோணம், யாரும் வரைந்துவிடலாம். உச்சியை வட்டமாக மழுக்க நல்ல கைத்திறன் வேண்டும், தட்டையாக வெட்டிவிட சாதாரண மெக்கானிக்கே போதும். அமெரிக்காவில் தேர்ந்த கைவினைஞர்கள் குறைவு, வேலை அதிகம். கடற்படை எடுத்துக்கொண்டது, ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. அப்புறம் அட்லாண்டிக்கின் ரெண்டு கரையிலும் ரெண்டு மரை. 5 டிகிரி வித்தியாசம்.

இந்த 5 டிகிரி பொல்லாதது. கால் இஞ்சுப் போல்ட்டில் ரெண்டு முறையிலும் இஞ்சுக்கு 20 சுற்றுதான். 5/16-ல் ரெண்டிலும் 18. 3/8-ல் ரெண்டிலும் 16. அதனால் பிரிட்டிஷ் போல்ட்டு அமெரிக்க நட்டில் ஏறும். ஏறும்போது சந்தேகமே வராது, முறுக்கினால் இறுகவும் செய்யும். ஆனால் உள்ளே புரியும் புரியும் முழுசா உட்காராமல் விளிம்பு விளிம்பாகக் கடித்துக்கொண்டிருக்கும். அரை இஞ்சில் மட்டும்தான் விஷயம் உடனே தெரியும். இங்கிலாந்துக்கு 12 சுற்று, அமெரிக்காவுக்கு 13. அங்கே கொஞ்சம் ஏறி நின்றுவிடும். என்னைக் கேட்டால் நின்றுவிடுகிற போல்ட்டுதான் யோக்கியமானது. ஏறிவிட்டு, பத்து வருஷம் கழித்துக் கழட்டும்போது மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருகிற போல்ட்டைத்தான் நம்பக்கூடாது.

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சண்டை பட்டறையை விட்டு வெளியே வந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜினை அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் இருந்த பேக்கார்டு கார் கம்பெனியும் தயாரித்தது, 50,000-க்கும் மேல். அந்த என்ஜினின் பாகம் பிரிட்டிஷ் என்ஜினிலும் பொருந்த வேண்டும் என்றால் மரையும் பிரிட்டிஷ் மரையாக இருக்கணும். அந்த மரையை வெட்டும் டாப்பும் டையும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. பேக்கார்டு தானே செய்துகொண்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை அமெரிக்க டாங்கிகளையும் ஓட்டியது. அப்படியென்றால் ரெண்டு விதமான ஸ்பேனர், ரெண்டு விதமான நட்டுப் போல்ட்டு, எல்லாம் கப்பலில் வரணும். அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஒரு டாங்கி நிற்பதா ஓடுவதா என்பது எந்தப் பெட்டி முதலில் கரைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

போர் நடக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்திட்டன. யுனிஃபைடு மரை என்று அதற்குப் பெயர். கோணம் அமெரிக்கக்காரனின் 60 டிகிரி. புரியின் அடி பிரிட்டிஷ்காரன் வழக்கம்போல வட்டம், ஏனென்றால் கூர்மையான அடியில்தான் விரிசல் தொடங்கும். இதுவும் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்புதான். 1950களில் பிரிட்டிஷ் கார்கள் மெல்ல மெல்ல இதற்கு மாறின. மாறியது என்று மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டுமே? போல்ட்டுத் தலையில் வட்டமாக ஒரு குழி வைத்தார்கள், அல்லது ஒன்றோடு ஒன்று கோத்த மூன்று வளையங்களைப் பொறித்தார்கள். எங்க ஹெரால்டில் துருவைச் சுரண்டினப்போ சில தலைகளில் அந்தக் குழி இருந்தது. அதுவரை நான் அதை ஏதோ வார்ப்புக் குறை என்று நினைத்திருந்தேன்!

இதில் தலையின் அகலத்தைத்தான் ஸ்பேனரில் அடிப்பார்கள். கால் இஞ்சுப் போல்ட்டுக்கு 7/16 தலை, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16. இப்போ இதை எம்.எம். ஸ்பேனரோடு வைத்துப் பார்ப்போம், என் தப்பு எங்கே என்று புரியும். 7/16 என்பது 11.1 மில்லிமீட்டர், அதில் 11 நுழையாது. சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. 1/2-ல் 13 நுழைந்து ஆடும். 9/16 என்பது 14.3. அதில் 14 நுழையாது, 15 நன்றாக ஆடும். 3/4 மட்டும் புண்ணியம் செய்தது. 19.05 என்பதால் 19 அழகாக உட்காரும். எனக்கு முதல் நாள் 19 சரியாகப் பொருந்தியதால்தான் மீதியெல்லாம் எம்.எம். என்ற தைரியமே வந்தது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக முடியாது. மாரிஸ் கார்களின் கதை.

ஹாட்ச்கிஸ் என்று பாரிஸ் பக்கத்தில் ஒரு ஆயுதக் கம்பெனி, இயந்திரத் துப்பாக்கி செய்பவர்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியதும், பாதுகாப்புக்காக இங்கிலாந்தில் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டார்கள். இயந்திரங்களும் வரைபடங்களும் பிரெஞ்சு முறை, அதாவது மெட்ரிக். போர் முடிந்தது, துப்பாக்கிக்கு வேலை இல்லை. அதே இயந்திரங்களில் மாரிஸ் கார்களுக்கு என்ஜின் செய்ய ஆரம்பித்தார்கள். 1923-ல் வில்லியம் மாரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். அத்தனை இயந்திரங்களையும் இஞ்சுக்கு மாற்றினால் செலவு. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்கிடம் எம்.எம். ஸ்பேனர் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தண்டில் பிரெஞ்சு மெட்ரிக் மரை, தலையில் விட்வொர்த் அளவு!

இதைக் கற்பனைன்னு நினைக்காதீங்க. மாரிஸ் என்ஜின்களில் இது முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1955 வரை வந்த எம்.ஜி. டி வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதுதான். பழைய கார் ஆர்வலர்கள் இதற்கு வைத்த பெயரே "மேட் மெட்ரிக்". நமக்கும் இதில் பங்கு உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடக்க காலத்தில் கொண்டுவந்த ஹிந்துஸ்தான் 10, மாரிஸ் டென் வண்டிதான். அதன் என்ஜினும் அதே குடும்பம்.

அந்த என்ஜினில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் 8 எம்.எம். போல்ட்டு கேட்டால் கொடுப்பது 1.25. அது நுழையாது. ஆனால் 5/16 யுனிஃபைடு ஃபைன் போல்ட்டு இருக்கிறதே, அதன் தண்டு 7.94 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 24 சுற்று. அந்த ஓட்டைக்கு இஞ்சுக் கணக்கில் 25.4 சுற்று. சில சுற்று சந்தோஷமாக ஏறும், அப்புறம் இறுகும். "சரி, டைட்டாயிடுச்சு"ன்னு விட்டுவிடுவோம். உண்மையில் அது டைட் ஆகவில்லை, சிக்கியிருக்கிறது. அடுத்த முறை கழட்டுகிறவன் பாவம்.

இனி நம் ஊர். 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வரத் தொடங்கின. கடைக்காரர் படியையும் சேரையும் விட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உத்தரபாராவிலிருந்து அம்பாசடர் வரத் தொடங்கியது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறப்பு, உள்ளே இஞ்சுப் போல்ட்டு. நாடு மெட்ரிக், நாட்டின் கார் இஞ்சு. அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது. 1990களில் இசுஸு என்ஜின் வந்தபோது அதே பானட்டுக்குள் எம்.எம். ஸ்பேனருக்கும் வேலை வந்தது. பம்பாயிலிருந்து வந்த ஃபியட்டோ இத்தாலிக்காரன் வண்டி, தொடக்கத்திலிருந்தே மெட்ரிக். எனவே அந்தக் காலத்தில் இங்கே எந்தப் பட்டறையானாலும் ரெண்டு செட்டு ஸ்பேனர் இல்லாமல் பிழைக்க முடியவில்லை. எங்க மெக்கானிக் ஐயா தன் ஸ்பேனர்களைக் கித்தான் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதில் மூணு மடிப்பு: ஒண்ணு அம்பாசடருக்கு, ஒண்ணு ஃபியட்டுக்கு. மூணாவது மடிப்பை அவர் "வெள்ளைக்காரன்" என்றுதான் சொல்வார். விட்வொர்த் ஸ்பேனர்கள். அவருக்கு விட்வொர்த் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. தலையை விரலால் தடவிப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார்.

சரி, அந்தப் போல்ட்டு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க.

வாட்டர் பம்ப் ஹவுசிங்கை சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் நீளமானவை. வருஷக்கணக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உள்ளே தண்டு முழுக்கத் துரு ஏறிவிடும். இரும்பு துருவானால் அதன் இடம் பெருக்கும், ரெண்டு மடங்குக்கும் மேலே. ஓட்டைக்குள் இடம் இல்லை, எனவே துரு ரெண்டு பக்கமும் ஆப்பு அடித்த மாதிரி நெருக்கும். மரை கடைசியில்தான் இருக்கிறது. ஆனால் போல்ட்டு வழி நெடுகப் பிடிபட்டிருக்கும். திருப்பினால் தலை திரும்பும், நுனி திரும்பாது, நடுவில் முறியும். முறிந்த மிச்சத்தை எடுக்கப் போய் ஹெட்டில் மரையைக் கெடுத்தால், ஹெரால்டுக்கு வேறு ஹெட் தேடி நான் புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டியதுதான்.

என் பங்குக்கு நான் ஒரு டப்பா டபிள்யூ.டி. 40 அடித்திருந்தேன். ஐயா அதைப் பார்த்து ஒண்ணும் சொல்லலை. அந்த டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. 1953-ல் சான் டியாகோவில் ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த கலவை அது. தண்ணீரை விலக்குவதற்கான 40-ஆவது முயற்சி என்பதுதான் பெயரின் அர்த்தம். துரு வராமல் தடுக்கச் செய்ததை, வந்த துருவுக்குள் நுழையச் சொன்னால் ஓரளவுதான் நுழையும்.

முதல் நாள் அவர் ஸ்பேனரையே தொடவில்லை. கம்பி பிரஷ்ஷால் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்தார். தலைக்கு மேல் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, சுத்தியலால் நேராகத் தட்டினார். பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி, ரொம்ப நேரம். அந்த அதிர்ச்சியில் துரு நுணுக்கமாக உடையும், எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். அப்புறம் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "நாளைக்கு வரேன் தம்பி, அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று போய்விட்டார்.

ரெண்டாம் நாள் என் கைவண்ணத்தைச் சரி செய்தார். உருண்டையாகிப் போன தலையை அரத்தால் ஆறு பக்கமும் ராவி, 12 எம்.எம். சாக்கெட்டைத் தட்டி ஏற்றினார். கையால் அசைத்துப் பார்த்தார், துளி ஆட்டம் இல்லை. கேஸ் டார்ச்சால் ஹவுசிங்கைச் சூடு பண்ணினார். போல்ட்டை அல்ல, போல்ட்டைச் சுற்றி இருக்கும் இரும்பை. ஓட்டை விரியணும், தண்டு விரியக்கூடாது. பெட்ரோல் பைப்பை முன்னாடியே கழட்டி ஓரம் கட்டியிருந்தார். சூடு இறங்கும்போது ஒரு மெழுகுவத்தியைப் போல்ட்டுத் தலைக்கடியில் வைத்தார். மெழுகு உருகி, உறிஞ்சிக்கொண்ட மாதிரி உள்ளே போனது. அப்புறம் திருப்பினார். கழட்டும் பக்கம் இல்லை, இறுக்கும் பக்கம்! ஒரு முடி அளவு. பிறகு கழட்டும் பக்கம் ஒரு முடி. மறுபடி இறுக்கும் பக்கம். அரை மணி நேரம் இப்படியே ஊஞ்சல். மூணு போல்ட்டில் ரெண்டு வந்துவிட்டது, நான் வழட்டினதும் சேர்த்து.

மூணாவது முறிந்தது. தலையில் ஸ்பேனர் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, போல்ட்டுத்தான் உள்ளே மெலிந்திருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஐயா அலட்டிக்கொள்ளவில்லை. தலை முறிந்தால் ஹவுசிங்கை உருவிவிடலாம், தண்டு ஹெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பிடிக்க இடம் உண்டு என்றார். மூணாம் நாள் ஹவுசிங்கைத் தட்டித் தட்டி உருவினார். நீட்டி நின்ற தண்டின் மேல் ஒரு நட்டை வைத்துக் கரண்ட் வெல்டிங் அடித்தார். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்தது. ஆறவிட்டு, நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். கீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

என்கிட்ட ஈஸி அவுட் செட்டு ஒண்ணு இருக்கு, முறிந்த போல்ட்டில் துளை போட்டு இடப்பக்கமாக முறுக்கி எடுக்கும் கருவி. அதை நீட்டினேன். "அது முறிஞ்சா எதால துளை போடுவீங்க?" என்றார். சரிதானே. அது கடினப்படுத்திய எஃகு, அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட்டு அதில் இறங்காது.

அடுத்த வேலை முன் சக்கரம். ஹெரால்டில் ஸ்டியரிங் திரும்பும் அச்சின் அடியில் ட்ரனியன் என்று ஒரு பாகம் உண்டு, மரையில்தான் அச்சு உட்கார்ந்து திரும்பும். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. அதுக்குள்ளே கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரைக்கும் போகாது, தண்ணீர் தங்கும், ஒரு நாள் அச்சு முறிந்து சக்கரம் மடங்கும். பெரியப்பா கிரீஸ்தான் அடித்திருக்கிறார், வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைக் குறுக்கே பிடித்திருக்கும் போல்ட்டு, ஒரு இரும்புக் குழாய்க்குள் துருவோடு துருவாக ஒட்டியிருக்கிறது. சூடு பண்ணினால் பக்கத்தில் இருக்கும் ரப்பர் புஷ் எரியும். ஐயா பார்த்துவிட்டு, இதை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்கணும், புதுப் போல்ட்டும் குழாயும் முதல்ல வாங்கி வைங்க, அப்புறம் கூப்பிடுங்க என்றார். எந்த அளவு என்று கேட்டேன். விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார், இஞ்சில்.

நேற்று ஜி.பி. ரோட்டில் மூணு கடை ஏறி இறங்கினேன், மூணிலும் எடுத்துக் காட்டியது எம்.எம். போல்ட்டு. நாலாவது கடைக்காரர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். வந்ததும் என்ன ஆச்சுன்னு சொல்றேன்.